ஹோட்டல் வாசல்ல இருந்து கார் கதவு வரைக்கும்: செலின் டியோனோட பாரிஸ் வாரம்

2016 ஜூலை. பாரிஸ். ஹோட்டல் வாசல்ல கேமராக்காரங்க முண்டியடிச்சிட்டு நிக்கிறாங்க. உள்ள இருந்து கனடா பாடகி செலின் டியோன் வர்றாங்க, வயசு 48. மேல தொளதொளன்னு ஒரு ஹூடி, அதோட முன்பக்கம் முழுக்க டைட்டானிக் போஸ்டர், லியோனார்டோ டிகாப்ரியோவும் கேட் வின்ஸ்லெட்டும். கீழ ஒட்டின ஜீன்ஸ், கால்ல தங்கக் கலர் ஹீல்ஸ். தூரத்துல இருந்து பாத்தா திருவிழா கடையில தொங்குற பனியன் மாதிரியே இருக்கும், ஆனா அது வெட்மோன்ங்கிற பாரிஸ் பிராண்டோட சரக்கு, விலை கிட்டத்தட்ட 885 டாலர். டைட்டானிக் படத்துல 'மை ஹார்ட் வில் கோ ஆன்' பாட்டைப் பாடுனவங்களே அந்தப் படத்தோட போஸ்டரை நெஞ்சுல போட்டுக்கிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி நடந்து போய் கார்ல ஏறிட்டாங்க.

அன்னைக்கு இன்டர்நெட் பத்திக்கிச்சு. அந்த வாரத்தையும், அதுக்கப்புறம் 2017, 2019 ஜூலைல அவங்க பாரிஸ்ல சுத்துன வாரங்களையும் சேத்து ஒரே கேஸ் ஸ்டடியா எழுதணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. மேடைல பாடுறவங்களுக்கு டிரெஸ் தைச்சுக் குடுக்கிறதுதான் எனக்குப் பொழப்பு, அதனால இந்தப் போட்டோவை எல்லாம் நான் பாக்கற விதமே வேற, மூஞ்சிய கடைசியாத்தான் பாப்பேன், மொதல்ல தோள் தையல். இன்னொரு காரணம், இந்த வாரத்தைப் பத்தி எல்லாரும் சொல்ற கதை எனக்கு ஒத்துக்கல. "புருஷன் போயிட்டாரு, துக்கத்துல இருந்தாங்க, திடீர்னு ஒரு ஸ்டைலிஸ்ட் வந்தாரு, ஆளே மாறிட்டாங்க." சினிமா இடைவேளைக்கு அப்புறம் வர்ற ஒரு பாட்டுல ஹீரோயின் மாறிடற மாதிரி ஒரு கதை. கேக்க நல்லாத்தான் இருக்கு.

முன்கதை கொஞ்சம்

ரெனே ஆஞ்செலில் அவங்களுக்கு புருஷன் மட்டும் இல்ல, மேனேஜரும் அவருதான். செலினுக்கு 12 வயசு இருக்கும்போது அவங்க பாடுன கேசட் அவர் கைக்குப் போச்சு, கேட்டுட்டு தன் வீட்டையே அடமானம் வெச்சு 1981-ல முதல் ஆல்பத்தைக் கொண்டு வந்தாரு. 1994 டிசம்பர்ல மாண்ட்ரியால்ல கல்யாணம். எந்தப் பாட்டு, எந்த ஊர், எந்த டைம்ல ரிலீஸ், எல்லா முடிவும் அவர் மேசையைத் தாண்டித்தான் போகும். 2016 ஜனவரி 14-ம் தேதி தொண்டை கேன்சர்ல அவரு போயிட்டாரு. ரெண்டே நாள்ல செலினோட அண்ணன் டேனியலும் கேன்சர்ல போயிட்டாரு. பிப்ரவரி 23-ம் தேதி லாஸ் வேகாஸ்ல சீசர்ஸ் பேலஸ் கொலோசியம் மேடைக்கு அவங்க திரும்பி வந்துட்டாங்க. ஆறு வாரம் கூட முழுசா ஆகல.

அதுக்கப்புறம் ஜூன் மாசம் ஐரோப்பா டூர். பாரிஸ்ல பெர்சி அரங்கத்துல ஜூன் கடைசில ஆரம்பிச்சு ஜூலை வரைக்கும் வரிசையா கச்சேரி. இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க, ஏன்னா அந்த "ஊர் சுத்துன வாரம்"னு சொல்றாங்களே, அது லீவு இல்ல. ராத்திரி கச்சேரி, பகல்ல ஃபேஷன் ஷோ. டியோர், ஜியாம்பட்டிஸ்டா வாலின்னு பெரிய ஃபேஷன் கம்பெனிங்க ஷோல எல்லாம் முன்வரிசை. ஆகஸ்ட் கடைசில ஃபிரெஞ்சு ஆல்பம் வேற வரப்போகுது. ஆக பாரிஸ் பத்திரிகைல அவங்க போட்டோ வர்றதுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. துக்கமும் நிஜம், கணக்கும் நிஜம், ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள இருக்கக் கூடாதுன்னு ஏதாவது சட்டமா இருக்கு?

ஸ்டைலிஸ்ட் என்ன பண்ணாரு

லா ரோச். சிகாகோக்காரரு. நடிகை ஜெண்டாயாவுக்கு 2011-ல இருந்து டிரெஸ் பண்ணி அவங்களை ஃபேஷன் உலகத்துல தூக்கி விட்டதே அவருதான். தன்னை ஸ்டைலிஸ்ட்னு சொல்லிக்க மாட்டாரு, இமேஜ் ஆர்க்கிடெக்ட்னுதான் சொல்லுவாரு, கேட்டா கொஞ்சம் ஓவரா இருக்கும், ஆனா வேலையைப் பாத்தா ஒத்துக்கணும். 2016-ல இருந்து செலினுக்கு வேலை பாக்க ஆரம்பிச்சாரு.

ஆனா செலினுக்கு விசித்திரமா டிரெஸ் பண்ண கத்துக் குடுத்ததே அவருதான்னு சொல்றதுதான் எனக்கு இடிக்குது. 1999 மார்ச் ஆஸ்கர் விழா ஞாபகம் இருக்கா? வெள்ளை கோட் சூட்டு, கோட்டு மட்டும் முன்பின் திருப்பி, பட்டன் எல்லாம் முதுகுல, தலைல சாய்ச்சு வெச்ச வெள்ளைத் தொப்பி, கண்ணுக்குக் கூலிங் கிளாஸ். ஜான் கலியானோங்கிற டிசைனர் டியோருக்கு பண்ணது. அன்னைக்கு மொத்த ஊரும் சிரிச்சுது, மோசமா டிரெஸ் பண்ணவங்க லிஸ்ட்ல எல்லாம் அவங்க பேருதான். இப்ப அதே போட்டோவை எடுத்துப் போட்டு "காலத்துக்கு முந்தினவங்க"ங்கிறாங்க. தையக்காரனா சொல்றேன், ஒரு கோட்டை திருப்பிப் போட்டா நிக்காது. முன்பக்கம் நெஞ்சுக்கு விட்ட இடம் முதுகுல போய் தொங்கும், கழுத்து தொண்டையை அறுக்கும். முதுகுல மூடி முன்னாடி அவ்வளவு சுத்தமா உக்காரணும்னா, அதுக்குன்னே முதல்ல இருந்து வெட்டியிருக்கணும். அதைப் போட்டுட்டு நிக்கத் தைரியம் இருந்த பொம்பளைக்கு 17 வருஷம் கழிச்சு ஒருத்தர் வந்து தைரியம் குடுத்தாருன்னு சொன்னா எப்படிங்க?

அப்ப மாறுனது என்ன? இடம். என்னோட மொத்த வாதமும் அவ்வளவுதான். அதுவரைக்கும் அவங்களோட பெரிய டிரெஸ் எல்லாம் மேடைலயும் விழாலயும் இருந்துச்சு. வேகாஸ்ல 2003-ல இருந்து 2007 வரைக்கும் ஒரு நிரந்தர ஷோ, மறுபடி 2011-ல இருந்து இன்னொண்ணு. ரசிகன் டிக்கெட் வாங்கிட்டு உள்ள வந்து தூரத்துல உக்காந்து பாக்கணும். லா ரோச் பண்ணது, அந்த டிரெஸ்ஸை எடுத்துட்டு வந்து நடைபாதைல விட்டாரு. ஹோட்டல் வாசல்ல இருந்து கார் கதவு வரைக்கும் ஒரு பத்துப் பதினஞ்சு அடி இருக்குமா, அதையே மேடையா ஆக்கிட்டாங்க. டிக்கெட் கிடையாது, லைட்டிங் கிடையாது, வெயில்தான் லைட்டு.

அதுல ஹூடிதான் மாஸ்டர் ஸ்ட்ரோக்னு நான் சொல்லுவேன். ஏன்னா டைட்டானிக் பாட்டை வெச்சு அவங்களைக் கிண்டல் பண்ணாத ஆள் கிடையாது, கையை விரிச்சு நெஞ்சைத் தட்டிப் பாடுற மாதிரி நடிச்சுக் காட்டுவாங்க. அவங்களே அந்தக் கிண்டலை எடுத்து மாட்டிக்கிட்டாங்க. இனிமே யாரு என்ன சொல்ல முடியும்? கிண்டல் பண்றவனுக்குக் கையில எதுவுமே மிச்சம் இல்லாமப் பண்ணிட்டாங்க. அதோட சேர்ந்து தங்க ஹீல்ஸ், அதுதான் அந்த லுக்கை வீட்டு டிரெஸ் ஆகாம நிறுத்துச்சு. ஸ்னீக்கர்ஸ் போட்டிருந்தா அது ஏர்போர்ட் போட்டோ, அவ்வளவுதான், அடுத்த நாள் மறந்து போயிருக்கும்.

அந்த வாரம் உள்ளுக்குள்ள எப்படி ஓடும்

வெளிய பாக்கறவங்களுக்கு இது ஜாலியா ஊர் சுத்துற மாதிரி இருக்கும். உள்ள அது ஒரு கல்யாண வீட்டு மாடி ரூம். ஓட் குட்டூர் வாரம் வருஷத்துக்கு ரெண்டு தடவை பாரிஸ்ல நடக்கும், ஜனவரில ஒண்ணு, ஜூலைல ஒண்ணு. ஓட் குட்டூர்ங்கிற பேரை ஃபிரான்ஸ்ல யாரு வேணா போட்டுக்க முடியாது, 1945-ல இருந்து அதுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு, பாரிஸ்ல சொந்தப் பட்டறை வேணும், ஆளுக்கு அளவெடுத்துக் கையால தைக்கணும், கமிட்டி ஒத்துக்கணும். அப்படி இருக்கற கம்பெனிக்காரங்க ஷோக்கு வர்ற பிரபலத்துக்கு டிரெஸ் அனுப்புவாங்க. ஆனா அனுப்பறதுல நிறையது சாம்பிள், அதாவது மாடல் பொண்ணு உடம்புக்குத் தைச்சது, ஒல்லியா உயரமா இருக்கற ஒரு உடம்புக்கு. உங்களுக்குப் பொருந்துச்சுன்னா அதிர்ஷ்டம், இல்லன்னா முதுகுல பின் குத்தணும், ஓரத்தை டேப் போட்டு மடக்கணும், ஹெம்மைக் கையால ஓட்டு தையல் போட்டு விடணும், மறுநாள் திருப்பி அனுப்பும்போது அந்தத் தையல் தடமே தெரியக்கூடாது. முன்னாடி இருந்து எடுத்த போட்டோல பளபளன்னு இருக்கற பாதி டிரெஸ் பின்னாடி திருப்பிப் பாத்தா முள்ளம்பன்றி.

ஒரு ஷோக்கு ஒரு டிரெஸ், அடுத்த ஷோக்கு வேற கம்பெனி டிரெஸ், ஏன்னா டியோர் ஷோக்கு வேற ஒருத்தர் டிரெஸ்ஸைப் போட்டுட்டுப் போய் முன்வரிசைல உக்காந்தா நல்லாவா இருக்கும். நடுவுல திரும்ப ஹோட்டல், மாத்து, இறங்கு, கார். ஒவ்வொரு இறக்கமும் ஒரு போட்டோ. ஒரே நாள்ல மூணு நாலு தடவை அதே வாசல். கீழ நிக்கறவங்களுக்கும் இது தெரியும், அதனால நகர மாட்டாங்க. மத்த பிரபலங்க தலையைக் குனிஞ்சிட்டு ஓடிப் போய் கார்ல ஏறுவாங்க. இவங்க நிப்பாங்க, திரும்புவாங்க, ரசிகருக்குக் கை குடுப்பாங்க. எனக்கு இதுதான் புடிச்சது. மேடைல பழகுன ஆளுக்குத்தான் தெரியும், முதல் வரிசைக்காரனையும் பாக்கணும், கடைசி வரிசைக்காரனையும் பாக்கணும்னு.

அந்த ஒரு போட்டோவும் விலா எலும்பும்

2017 ஜூலை. மறுபடி ஐரோப்பா டூர், மறுபடி குட்டூர் வாரம். வோக்ங்கிற ஃபேஷன் பத்திரிகை இந்தத் தடவை கூடவே சுத்திச்சு. அப்ப இன்ஸ்டாகிராம்ல ஒரு போட்டோ போட்டாங்க, ஒரு டிரெஸ்ஸைக் கழட்டிட்டு அடுத்த டிரெஸ் போடறதுக்கு நடுவுல, செலின் உடம்புல ஒண்ணுமே இல்லாம, கையையும் காலையும் மடக்கி மறைச்சிட்டு உக்காந்திருப்பாங்க. ஊரே அந்தப் போட்டோவைப் பத்திப் பேசிச்சு. கூட இருந்த எழுத்தை யாரும் பெருசாப் படிக்கல, எனக்கு அதுதான் தங்கம்.

அதுல சொல்லியிருந்த விஷயம் என்னன்னா, அவங்க அஞ்சு வருஷமா மேடைல கிட்டத்தட்ட ஓட் குட்டூர்தான் போட்டுட்டு இருந்தாங்க, ராத்திரிக்கு ரெண்டு மணி நேரம், வாரத்துக்கு அஞ்சாறு நாள். ஒரு தடவை ரேம்ப்ல நடக்கறதுக்குன்னு தைச்ச துணி அது. அதைப் போட்டுட்டு ஆடணும், பாடணும். அதனால அந்தக் கம்பெனி ஆளுங்க வேகாஸ் இருக்கற நெவாடா வரைக்கும் வந்து அளவு பாப்பாங்களாம், பாடும்போது உதரவிதானம் விரியறதுக்காக எலாஸ்டிக் வலைத்துணி வெச்சுத் தைப்பாங்களாம்.

இதைப் படிச்சுட்டு நான் அரை மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன். ஏன்னா எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கு. தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு மேடைப் பாடகிக்கு பிளவுஸ் தைச்சேன், சிக்குன்னு இருக்கணும்னு அவங்களும் சொன்னாங்க, நானும் சொன்னேன், கண்ணாடில பாக்க அப்படி ஒரு அழகு. நின்னு பாத்தாங்க, உக்காந்து பாத்தாங்க, பாடிப் பாக்கல. மேடைல சரணத்துல அந்த மேல் ஸ்தாயி வரும்போது மூச்சு இழுக்க முடியல. நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு. பாட்டு அறுந்து அறுந்து போச்சு, கீபோர்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பாக்கறாரு, ஜனங்க அவங்களுக்குத் தொண்டை சரியில்லைன்னு நினைச்சாங்க. தொண்டை நல்லாத்தான் இருந்துச்சு, என் தையல்தான் சரியில்ல. முழு மூச்சு எடுத்தா கீழ் விலா பக்கவாட்டுல விரியும், முதுகுப் பக்கமும் விரியும், அதுக்கு நான் இடமே விடல. அதுல இருந்து அளவெடுக்கும்போது "மூச்சை நல்லா இழுங்கக்கா, ஒரு சங்கதி பாடுங்க"ன்னு சொல்லி, அப்ப டேப் வைப்பேன். கக்கத்துக்குக் கீழ உள்பக்கமா ஒரு விரல் அகலத்துக்கு நீளுற துணி. வெளிய தெரியாது.

அதனாலதான் சொல்றேன், புது லுக்குன்னு ஊரு பாத்தது 2016-ல ஆரம்பிக்கல. மேடைல அஞ்சு வருஷமா ராத்திரி ராத்திரி அந்தத் துணிக்குள்ள மூச்சு விட்டுப் பழகியிருந்தாங்க. நடைபாதைல அவ்வளவு சுலபமா தெரிஞ்சுதுன்னா அதுக்குக் காரணம் அந்தப் பழக்கம்.

2019: எல்லாம் சேர்ந்து வந்த வாரம்

இந்த வருஷத்தோட தேதிகளை மட்டும் வரிசையா பாருங்க. மே 6, நியூயார்க்ல மெட் காலாங்கிற ஃபேஷன் விழா, ஆஸ்கர் டி லா ரென்டா கம்பெனி டிரெஸ், தலைல பெரிய இறகுக் கிரீடம். ஜூன் 8, வேகாஸ் ஷோ கடைசி நாள், ரெண்டு ஷோவும் சேர்த்து 1,100-க்கும் மேல தடவை பாடியாச்சு. ஜூன் கடைசில புதுப் பாட்டு. ஜூலை முதல் வாரம் பாரிஸ், குட்டூர் வாரம், தினமும் ஒரு வாசல், தினமும் ஒரு வேஷம். ஜூலை 5, லண்டன் ஹைட் பார்க் கச்சேரி. செப்டம்பர் 18, கியூபெக் சிட்டில உலக டூர் ஆரம்பம். இதுக்கு நடுவுல அந்த வருஷமே லோரியால் பாரிஸோட விளம்பர முகமாவும் ஆகியிருந்தாங்க. இப்ப சொல்லுங்க, அது ஊர் சுத்துன வாரமா? இந்தத் தடவை லா ரோச் கிடையாது, பெப்பே முன்யோஸ்னு ஒருத்தர், 2017 டூர்ல டான்ஸரா வந்தவரு, ஓவியம் வேற வரைவாரு, அவரு டிரெஸ் பாத்துக்கிட்டாரு. ஸ்டைலிஸ்ட் மாறியும் அந்தக் குறும்பு மாறல, அது யாரோடதுன்னு இதுக்கு மேல விளக்கணுமா.

இந்த லுக்கால பாட்டு வித்துச்சான்னு கேட்டா, எனக்கு சந்தேகம்தான். நவம்பர் 15-ம் தேதி கரேஜ் ஆல்பம் வந்துச்சு, அமெரிக்க பில்போர்டு ஆல்பம் லிஸ்ட்ல நேரா நம்பர் 1, 2002-க்கு அப்புறம் முதல் தடவை. நிறைய பேர் "பாத்தியா, ஸ்டைல் வேலை செஞ்சுது"ன்னாங்க. அடுத்த வாரம் அதே ஆல்பம் 111-க்கு விழுந்துச்சு. ஒண்ணுல இருந்து நேரா நூத்திப் பதினொண்ணு! ஏன்னா டூர் டிக்கெட் வாங்குனவங்களுக்கு ஆல்பமும் சேத்துக் குடுத்தாங்க, அந்தக் கணக்கெல்லாம் முதல் வாரத்துல ஏறிச்சு. ஆக ஆல்பத்தைத் தூக்குனது டிக்கெட்டு. டிக்கெட் ஏன் வித்துச்சு, அதுல அந்த நடைபாதைப் போட்டோவுக்கு எவ்வளவு பங்குன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. இதைக் கேஸ் ஸ்டடின்னு எடுத்து மார்க்கெட்டிங் கிளாஸ்ல சொல்லித் தர்றவங்க இந்த ரெண்டாவது வாரத்தை மட்டும் நைசா விட்டுடுவாங்க.

ஒல்லி பேச்சு

இன்னொரு பக்கமும் இருக்கு, அதை விட்டுட்டு எழுதினா நல்லா இருக்காது. போட்டோ வர வர ஜனங்க டிரெஸ்ஸை விட்டுட்டு உடம்பைப் பேச ஆரம்பிச்சாங்க. "இவ்ளோ ஒல்லியா, சாப்பிடறாங்களா, ஏதோ நோவு." கூட சுத்துற ஆம்பளை யாருன்னு வேற. 2019 ஆரம்பத்துல அவங்க பதில் சொன்னாங்க, எனக்காகத்தான் இதைப் பண்றேன், புடிக்கலன்னா போட்டோ எடுக்காதீங்க, என்னை விட்டுடுங்கங்கிற மாதிரி. கோவம் நியாயம்தான். ஆனா நடைபாதையை மேடை ஆக்குனா இது வரத்தான் செய்யும், மேடைல பாட்டுக்குக் கை தட்டுவான், ரோட்டுல உடம்புக்கு மார்க் போடுவான். சாம்பிள் டிரெஸ் விஷயத்தை மேல சொன்னேனே, அந்தத் தொழிலே ஒல்லி உடம்பைக் கேட்குது, ஒல்லியா வந்து நின்னா அதே தொழிலோட பத்திரிகை "ஐயோ பாவம்"னு எழுதுது.

நோவுன்னு ஜனங்க சும்மா பேசுனது வேற, உண்மை வேற. 2022 டிசம்பர்ல அவங்களே சொன்னாங்க, ஸ்டிஃப் பெர்சன் சிண்ட்ரோம். பத்து லட்சத்துல ஒருத்தருக்கு வர்ற நரம்பு நோய், தசை இறுகிப் பிடிச்சுக்கும். 2024-ல பேசும்போது அறிகுறி எல்லாம் 17 வருஷத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுச்சுன்னாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. ஹூடி போட்டு நடந்த அந்த ஜூலை, அந்த வோக் போட்டோ, ஹைட் பார்க், எல்லாமே அதுக்குள்ளதான் வருது. பாக்கறவங்க யாருக்கும் தெரியல. இதுக்காக அந்த வாரங்களை இப்ப சோகமா மாத்திப் படிக்கணும்னு நான் சொல்லல, எனக்கு அது பிடிக்காது, அன்னைக்கு அவங்க சிரிச்சது சிரிச்சதுதான்.

2024 ஜூலை. அதே பாரிஸ், மறுபடி ஹோட்டல் வாசல், மறுபடி கூட்டம். இந்தத் தடவை மெதுவா வந்தாங்க, கையைத் தூக்கிக் காட்டுனாங்க. வேஷம் எதுவும் இல்ல. ஜூலை 26-ம் தேதி ஒலிம்பிக் தொடக்க விழா, கொட்டுற மழை, ஈஃபில் கோபுரத்துல நின்னு ஃபிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃபோட பாட்டு. வெள்ளை டியோர் கவுன், மணி கோத்த தொங்கல் மட்டும் 500 மீட்டருக்கு மேல, ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல வேலைன்னு டியோர் சொன்னாங்க. வீட்ல எல்லாரும் மழையையும் வெளிச்சத்தையும் பாத்துட்டு இருந்தாங்க. நான் அவங்க விலாப் பக்கமே பாத்துட்டு இருந்தேன். கடைசி வரிக்கு முன்னாடி அந்த மணித் தொங்கல் எல்லாம் ஒண்ணா லேசா மேல ஏறி இறங்குச்சு. தைச்சவன் இடம் விட்டிருக்கான்னு எங்க வீட்ல சொன்னேன், சும்மா டிவியைப் பாருங்கன்னுட்டாங்க.